நண்டுக் கொடுக்கு: ஒரு தழும்பின் வரலாறு

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு வைத்தியசாலைக் குழுமத்தின் பழைய தரவுத்தளத்தைப் புதிய கணினி முறைமைக்கு மாற்றும் வேலையில் இருந்தேன். நோய்களுக்கு உலகம் முழுவதும் வழங்கும் குறியீட்டு அட்டவணை ஒன்று உண்டு. பழைய குறியீடு புதிய குறியீட்டோடு சரியாகப் பொருந்துகிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்க்கவேண்டும். அலுப்பான வேலை. பின்னேரம் மூன்று மணிக்குக் கோப்பி இல்லாமல் செய்யமுடியாது. தோல் நோய்கள் பகுதியில் எல் 91.0 என்ற வரிக்கு வந்தபோது நின்றுவிட்டேன். தடித்த தழும்பு, கீலோயிட் இரண்டும் அந்த ஒரே குறியீட்டுக்குள் கிடந்தன. இருபது வருடத்துக்கு மேலாக என் நெஞ்சில் நான் சுமக்கும் பொருளுக்கு ஓர் எழுத்தும் மூன்று இலக்கங்களும்தான் முகவரி.

1991இல், எனக்குப் பதினொரு வயதில், யாழ்ப்பாணத்தில் கொப்பளிப்பான் வந்தது. அம்மாள் வருத்தம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். வேப்பிலைப் படுக்கை, மஞ்சள் தண்ணீர் வார்த்தல் எல்லாம் முறைப்படி நடந்தன. "சொறியாதை, சொறியாதை" என்று அம்மா இரவிரவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நெஞ்செலும்புக்கு நேரே இருந்த ஒரு கொப்பளத்தை நான் சொறிந்தேன். மற்ற எல்லாம் ஆறி மறைந்தன. அது மட்டும் மறையவில்லை. முதலில் பயறளவு, பிறகு அவரை விதையளவு, பதினாறு வயதில் பெருவிரல் அளவு. இளஞ்சிவப்பாக, மினுமினுப்பாக, தொட்டால் இறப்பர் போல. அம்மாவுக்கு அதற்கொரு விளக்கம் இருந்தது: காயம் ஆறமுன்னர் மாமா வீட்டில் நான் நண்டுக் கறி சாப்பிட்டது. நண்டு, றால், கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி. புண் உள்ளவனுக்கு ஆகாது. அதன்பின் எங்கள் வீட்டில் நண்டு சமைத்தால் எனக்குத் தனியாக முட்டைப் பொரியல்.

அம்மாவின் கிரந்திக் கணக்கை நான் பின்னாளில் நிறையக் கேலி செய்திருக்கிறேன். ஆனால் இந்தத் தழும்புக்கும் நண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டென்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். தோலில் காயம் பட்டால் உடல் கொலாஜன் என்ற நாரைக்கொண்டு அதை அடைக்கிறது. அடைத்து முடிந்ததும் வேலையை நிறுத்தவேண்டும். சிலருடைய தோலில் அந்த நிறுத்தும் கட்டளை போய்ச்சேருவதில்லை. தடித்த தழும்பு என்பது காயத்தின் எல்லைக்குள்ளேயே மேலெழுந்து நிற்பது. காலப்போக்கில் அது தணியவும் கூடும். கீலோயிட் அப்படியல்ல. காயத்தின் எல்லையைத் தாண்டி, காயம் படாத நல்ல தோலுக்குள்ளும் ஊர்ந்துபோகும். தானாகத் தணிவது அரிது. காதுச்சோணை, நெஞ்சு, தோள், மேல்முதுகு, தாடை ஆகிய இடங்களில் அதிகம் வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வருவதேயில்லை என்று சொல்லலாம். கறுத்த, மாநிறத் தோல்களில் கூடுதலாக வரும். பத்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதில் தொடங்குவது வழக்கம். குடும்பங்களில் தொடர்ந்து வரும். மனிதரைத் தவிர வேறு விலங்குகளுக்கு இயற்கையில் வருவதில்லை என்பதால் ஆய்வுகூடத்தில் எலியை வைத்துப் படிப்பதும் கடினம்.

இதெல்லாம் புத்தகத்தில் உள்ளது. அது கடிக்கும் என்பதைப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடும் கடி அது. சொறிந்தால் நோகும், சொறியாவிட்டால் நித்திரை இல்லை. காரில் சீற் பெல்ற் சரியாக அதன் மேல்தான் வரும். கைக்குழந்தையை நெஞ்சில் போட்டு நித்திரையாக்கும்போது அவளுடைய நெற்றி அதன்மேல் மோதும். வலது பக்கத்துக்கு மாற்றிப் படுக்கவைக்க நான் பழகிக்கொண்டேன்.

இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பாரிஸில் சென் லூயி வைத்தியசாலை பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளைநோய்க்காரரைத் தனிமைப்படுத்தக் கட்டப்பட்டது. 1801இல் அது தோல் நோய்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது அங்கே வந்துசேர்ந்தவர் ஜோன் லூயி அலிபேர். நகரத்தின் ஏழைகள், சிரங்கு பிடித்தவர்கள், வேறெந்த வைத்தியசாலையும் ஏற்காதவர்கள் அங்கே கிடந்தார்கள். அலிபேர் முற்றத்து மரங்களின் கீழ் நோயாளரை நிறுத்திவைத்துத் திறந்தவெளியில் பாடம் நடத்தினார். பார்க்கக் கூட்டம் கூடியதாம். ஓவியர்களைக் கொண்டு வண்ணப்படங்கள் வரையச்செய்து 1806இல் தன் பெரிய நூலை வெளியிடத் தொடங்கினார்.

அந்த நூலில் இந்தத் தழும்புக்கு அவர் முதலில் கொடுத்த பெயர் 'கான்குரோயிட்', புற்றுநோய் போன்றது என்று பொருள். பத்து வருடங்களுக்குப் பிறகு அவரே அந்தப் பெயரைக் கைவிட்டார். இது புற்றுநோயல்ல, ஆளைக் கொல்வதில்லை, அப்படியிருக்க அந்தப் பெயர் நோயாளரை வீணாகப் பயமுறுத்தும் என்று கண்டார். கிரேக்கத்தில் 'கேலே' என்றால் நண்டின் கொடுக்கு. தழும்பின் ஓரங்களிலிருந்து நல்ல தோலுக்குள் நீளும் கால்களைப் பார்த்து 'கேலோயிட்' என்று மாற்றினார். ஆங்கிலத்தில் அது கீலோயிட் ஆயிற்று.

ஐரோப்பிய மொழிகளில் புற்றுநோயின் பெயரே நண்டுதான். ஆக அலிபேர் செய்ததெல்லாம் முழு நண்டிலிருந்து அதன் கொடுக்குக்கு இறங்கி வந்ததுதான். நாங்கள் புற்றுநோயைக் கறையான் புற்றோடு ஒப்பிட்டோம். இந்தத் தழும்புக்கோ தமிழில் தனிப்பெயர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வடு, தழும்பு என்ற இரண்டும் எல்லாவற்றுக்கும் பொது. பழைய பாட்டுகளில் நெஞ்சில் பட்ட புண்ணுக்குப் பெருமையும் முதுகில் பட்ட புண்ணுக்கு இழிவும் உண்டு. முதுகில் புண்பட்டதற்காக வடக்கிருந்து உயிர்விட்ட சேரன் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, நெஞ்சில் தழும்பு உள்ளவன் என்ற வகையில் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது ஞாபகம். கொப்பளிப்பானோடு பொருதி வாங்கிய விழுப்புண்.

அலிபேருக்குப் பிறகு குழப்பம் கூடியதே ஒழியக் குறையவில்லை. லண்டனில் தோமஸ் அடிசன் 1854இல் "அலிபேரின் கீலோயிட்" வேறு, "உண்மையான கீலோயிட்" வேறு என்று எழுதினார். அவர் உண்மையானது என்று சொன்னது கீலோயிட்டே அல்ல, தோல் இறுகும் வேறொரு நோய். இதைக் கண்டுபிடிக்கப் பிற்காலத்தவர்களுக்கு நிறைய மை செலவாயிற்று. தடித்த தழும்பையும் கீலோயிட்டையும் எல்லை தாண்டுவதை வைத்துத் தெளிவாகப் பிரித்ததே 1960, 70களில்தான். எல் 91.0 இரண்டையும் மறுபடி ஒரே பெட்டிக்குள் போட்டிருப்பதைப் பார்த்தால் குழப்பம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

வைத்தியர்களின் கட்டுரைகளைவிட ஒரு புகைப்படம்தான் இந்தத் தழும்பை அதிகம் பேருக்குக் காட்டியது. 1863இல் லூயிசியானாவின் தோட்டம் ஒன்றிலிருந்து தப்பிய ஓர் அடிமை, பாட்டன் ரூஜில் இருந்த வடபகுதிப் படை முகாமை வந்தடைந்தார். பீட்டர் என்றும் கோர்டன் என்றும் பெயர் சொல்லப்படுகிறது. மேலாடை இல்லாமல், கமெராவுக்கு முதுகைக் காட்டி, இடுப்பில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். முதுகு முழுக்கக் கசையடி கயிறு கயிறாக எழுந்து கிளைவிட்டிருக்கிறது. சின்ன அட்டைகளாக அச்சிட்டு விற்றார்கள். அதே வருடம் ஜூலை 4ஆம் திகதி ஹார்ப்பர்ஸ் வீக்லி அதை வரைபடமாக்கி வெளியிட்டது. அடிமைமுறைக்கு எதிரான ஆயிரம் பேச்சுகள் செய்யாததை அந்த முதுகு செய்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போது வருகிற முதல் எண்ணம் வேறு. அது எவ்வளவு கடித்திருக்கும்? வியர்வையில், பருத்திக் காட்டில், கைக்கு எட்டாத முதுகில்?

சிகிச்சையின் கதைக்கு வருவோம். வெட்டினால் திரும்ப வரும் என்பது ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருந்தது. ரொண்ட்கன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்து பத்துப் பதினொரு வருடங்களுக்குள், 1906இல், டி பேர்மன், கூஜறோ என்ற இரண்டு பிரெஞ்சு வைத்தியர்கள் அதைக் கீலோயிட்டுக்குப் பயன்படுத்தினார்கள். பிறகு ரேடியமும் வந்தது. புதிய கருவி எது வந்தாலும் அதைக் கொண்டுபோய் இந்தத் தழும்பில் வைத்துப் பார்ப்பது இருபதாம் நூற்றாண்டின் வழக்கமாயிற்று. ஆனால் கீலோயிட் என்ற சொல்லை வைத்தியப் புத்தகத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது சிகிச்சையல்ல, ஒரு குண்டு.

1945 ஓகஸ்ட் 6 காலை எட்டேகாலுக்கு ஹிரோஷிமாவில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் வெளியில் நின்றார்கள். விமானத் தாக்குதலில் தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளை அனுப்பியிருந்தார்கள். குண்டின் ஒளி அவர்களுடைய திறந்த தோலில் நேராகப் பட்டது. உடுப்பு மூடிய இடம் ஓரளவு தப்பியது. முகம், கழுத்து, கைகள் எரிந்தன. உயிர்தப்பியவர்களின் புண்கள் மாதக்கணக்கில் சீழ்பிடித்து ஆறின. ஆறிவிட்டது என்று நினைத்த பிறகுதான், மூன்று நான்கு மாதங்கள் கழித்து, தழும்புகள் எழத் தொடங்கின. 1946, 47இல் அது உச்சத்துக்குப் போனது. உதடு தாடையோடு இழுபட்டது, கண்ணிமை மூடவில்லை, விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டின. ஜப்பானிய வைத்தியர்கள் வெட்டினார்கள், மறுபடி வந்தது. 'கெரோயிடோ' என்ற சொல் ஜப்பானில் பாட்டிமாருக்கும் தெரிந்த சொல் ஆனது அப்போதுதான். இன்றும் அங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது குண்டு.

கதிர்வீச்சுத்தான் காரணமா என்று பலகாலம் பேசினார்கள். பெரும்பாலும் வெப்பத்தால் எரிந்த ஆழமான புண்கள், தொற்று, போருக்குப் பின்னான பட்டினி, மருந்தில்லாமல் இழுபட்டு ஆறியது ஆகியவைதான் காரணம் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். அமெரிக்கா அமைத்த அணுகுண்டுப் பாதிப்பு ஆணைக்குழு 1947 முதல் ஹிரோஷிமாவில் இயங்கியது. வாகனம் அனுப்பி ஆட்களைக் கூட்டிவந்து அளந்தது, இரத்தம் எடுத்தது, படம் பிடித்தது. சிகிச்சை கொடுக்கவில்லை. கொடுப்பது தன் வேலையல்ல என்பதுதான் கொள்கை. எங்களைக் கினிப் பன்றிகள் ஆக்கினார்கள் என்று அந்த மக்கள் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. தரவு சேகரிப்பவனாக இருபது வருடம் பிழைத்தவன் என்ற முறையில் அந்த வரியை வாசிக்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

கிக்கவா கியோஷி என்பவருடைய முதுகை 1947இல் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் படமெடுத்து "அணுகுண்டு நோயாளி இல. 1" என்று பெயர் வைத்தார்கள். வருடக்கணக்கில் வைத்தியசாலையில் கிடந்து 1951இல் வெளியே வந்தவர், இடிந்த அந்தக் குவிமாடக் கட்டிடத்துக்குப் பக்கத்தில் நினைவுப்பொருட் கடை ஒன்றைப் போட்டார். வருகிற உல்லாசப் பயணிகளுக்குச் சேட்டைக் கழற்றி முதுகைக் காட்டினார். தழும்பை விற்றுப் பிழைக்கிறான் என்று ஊரில் ஏசியவர்கள் உண்டு. ஆனால் அவர் பாதிக்கப்பட்டவர்களை ஒன்றுசேர்த்து, அரசு சிகிச்சை தரவேண்டும் என்று கேட்ட முதல் ஆட்களில் ஒருவரும்கூட. காட்டாமல் கேட்டிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

முகத்தில் தழும்பு விழுந்த பெண்களின் கதை வேறுமாதிரி. அவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். வேலை இல்லை, கலியாணம் இல்லை. நாகரேகாவா தேவாலயத்தின் போதகர் தனிமோத்தோ கியோஷி அவர்களில் சிலரைச் சேர்த்து ஒரு சின்னக் குழுவை நடத்தினார். ஜோன் ஹேர்சி 1946இல் எழுதிய 'ஹிரோஷிமா'வில் வரும் ஆறு பேரில் ஒருவர் அவர். அமெரிக்காவில் சற்றர்டே றிவியூவின் ஆசிரியர் நோர்மன் கசின்ஸ் இந்தப் பெண்களைச் சந்தித்தார். அவர்களை நியூயோர்க்குக்கு அழைத்துச் சிகிச்சை செய்விக்கப் பணம் திரட்டினார். மவுண்ட் சைனாய் வைத்தியசாலை கட்டில்களை இலவசமாகக் கொடுத்தது. ஆர்தர் பார்ஸ்கி தலைமையில் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கூலி வாங்காமல் செய்ய முன்வந்தார்கள். அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்துக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்பது அவர்களுடைய பயம்.

1955 மே மாதம் 25 பெண்கள் அமெரிக்க இராணுவ விமானம் ஒன்றில் புறப்பட்டார்கள். பத்து வருடங்களுக்கு முன்னர் வேறொரு அமெரிக்க விமானம் வந்த அதே வானத்தால். அவர்கள் போய்ச் சேர்ந்த அதே வாரம் தனிமோத்தோவை ஒரு பிரபல தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்து, முன்னறிவிப்பு இல்லாமல், குண்டு போட்ட விமானத்தின் துணை விமானி றொபேட் லூயிஸை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு பெண்களைத் திரைக்குப் பின்னால் நிழலுருவாக மட்டும் காட்டினார்கள். பார்வையாளர் மனம் நோகக்கூடாதாம். விளம்பர இடைவேளைகளும் இருந்தன. பழைய பதிவை நான் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்த 25 பேருக்கும் சேர்த்து 130க்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் நடந்தன. தழும்பை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ எடுத்த தோலை வைத்துத் தைத்தார்கள். பழைய முகம் திரும்பி வராது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள். விரல் நிமிர்ந்தது, இமை மூடியது, கழுத்து திரும்பியது. கிண்ணத்தைத் தானே பிடித்துக் குடிக்கமுடிவது சின்ன விசயமல்ல. சிகிச்சைகளுக்கு இடையில் அவர்கள் நியூயோர்க்கைச் சுற்றியிருந்த குவேக்கர் குடும்பங்களில் தங்கினார்கள். 1956 மே 24 அன்று நகபயாஷி தொமோகோ என்ற பெண்ணுக்குச் சத்திரசிகிச்சையின்போது இதயம் நின்றுவிட்டது. மயக்கமருந்திலிருந்து அவர் விழிக்கவேயில்லை. அவருடைய அஸ்தியும் மற்றவர்களோடு ஊர் திரும்பியது. 1957இல் ஜப்பான் அரசு அணுகுண்டால் பாதிக்கப்பட்டவர்களின் மருத்துவச் செலவுக்கென ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. குண்டு விழுந்து பன்னிரண்டு வருடம் கழித்து.

இந்தப் பெண்களின் கதையை நான் முதலில் படித்தது இங்கிலாந்தில் முதுகலை படித்த காலத்தில், நூலகத்தில் வேறேதோ தேடப்போய். அன்று என்னைப் பிடித்து உலுக்கியது சிகிச்சையல்ல. வெளியே போகாமல் இருந்தார்கள் என்ற அந்த ஒரு தகவல். ஏனென்றால் அதற்கு நான்கு வருடம் முன்னர் நானும் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில், கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தேன்.

1999. எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு சோதனைச்சாவடியில் சேட்டைக் கழற்றச் சொன்னார்கள். தோளில் துப்பாக்கிப் பட்டி உரசிய அடையாளம் உண்டா, முழங்கையில் தவழ்ந்த காய்ப்பு உண்டா, காயத் தழும்பு உண்டா என்று பார்ப்பது அந்த நாட்களில் வழக்கம். சிப்பாய்க்கு என்னைவிடப் பெரிய வயது இருக்காது. விரலை நெஞ்சில் நீட்டி "மே மொகத?" என்று கேட்டான். இது என்ன? கொப்பளிப்பானுக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலச் சொல்லைச் சொன்னேன், அவனுக்கு அது விளங்கவில்லை. ஒரு கொப்பளம் இந்த அளவுக்கு வளரும் என்பதை யார்தான் நம்புவார்கள்? நான்கு மணித்தியாலம் இருத்திவைத்தார்கள். யாரோ ஆங்கிலம் தெரிந்த அதிகாரி வந்து பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். எனக்கு நடந்தது அவ்வளவுதான். மற்றவர்களுக்கு நடந்ததோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. லொட்ஜில் இருந்த அண்ணை ஒருவர் அன்றிரவு சொன்னார், "தம்பி, மேல் தெறியை எப்பவும் பூட்டி வை." இன்றுவரை பூட்டித்தான் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் என்னைக் கொஞ்சம் இறுக்கமான ஆள் என்று நினைக்கிறார்கள்.

எங்கள் ஆட்களுக்குத் தழும்பு இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. 2007இல் பிரித்தானியப் புகலிடத் தீர்ப்பாயம், கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்படும் தமிழருக்கு ஆபத்தைக் கூட்டக்கூடிய காரணிகள் என்று ஒரு பட்டியல் போட்டபோது, உடலில் தழும்பு இருப்பதையும் அதில் சேர்த்தது. அங்கே அது குற்றத்தின் அடையாளம். இங்கே அதுவே சாட்சி. சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கு 1999இல் வந்த இஸ்தான்புல் நெறிமுறை, வைத்தியர் ஒரு தழும்பைப் பற்றிச் சொல்லக்கூடியதை ஐந்து படிகளாக வகுக்கிறது. சொல்லும் கதையோடு பொருந்தவில்லை என்பது கீழ்ப்படி. வேறெந்த வழியிலும் இது ஏற்பட்டிருக்கமுடியாது என்பது மேற்படி. பெரும்பாலான தழும்புகள் நடுப்படிகளில்தான் நிற்கும். தோல் அவ்வளவு துல்லியமாகப் பேசாது.

கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஈழத் தமிழர் ஒருவருடைய வழக்கு இதற்கு உதாரணம். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்டார்கள் என்று அவர் சொன்னார். கையிலும் முதுகிலும் தழும்புகள் இருந்தன. தழும்பின் ஓரங்கள் அளவுக்கு மீறி நேர்த்தியாக இருக்கின்றன, புகலிடம் பெறுவதற்காக இவரே வேறொருவரைக் கொண்டு மயக்கநிலையில் சுடுவித்திருக்கலாம் என்று தீர்ப்பாயம் 2014இல் முடிவு செய்தது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2017இல் பெரும்பான்மையாக அதை ஏற்றது. 2019 மார்ச் 6ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவைத்து, வழக்கை மறுபடி விசாரிக்க அனுப்பியது. தன் உடலைத் தானே அப்படிச் சுடுவிப்பது மிக அரிது என்பதைக் கணக்கில் எடுத்திருக்கவேண்டும் என்று நீதியரசர் வில்சன் எழுதினார். நேர்த்தியான ஓரம் சந்தேகத்துக்குரியது என்றால், அலிபேரின் நண்டைப்போல் ஊர்ந்து பரவி உருவம் மாறிய ஓரம் மட்டும் எதை நிரூபிக்கும்? கம்பியின் அகலத்தைக் கீலோயிட் ஞாபகம் வைத்திருக்காது.

என் சொந்தச் சிகிச்சை வரலாற்றைச் சுருக்கிச் சொல்கிறேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2009இல் ரொறன்ரோவில் ஒரு தனியார் கிளினிக்கில் அதை வெட்டி எடுத்தார்கள். வேறு சிகிச்சை எதையும் சேர்க்காமல் வெறுமனே வெட்டினால், பாதிக்குப் பாதி பேருக்காவது திரும்ப வரும். சில கணக்குகளில் எல்லோருக்குமே வரும். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, வேலையில் எல்லாவற்றுக்கும் நூறு கேள்வி கேட்பவன். பத்து மாதத்தில் முன்பிருந்ததைப்போல் இரண்டு மடங்காக, இருபக்கமும் கொடுக்கு நீட்டி வந்தது. பிறகுதான் ஒழுங்கான தோல் வைத்தியர் ஒருவரிடம் போனேன். 1960களிலிருந்து வழங்கிவரும் ட்ரயாம்சினோலோன் என்ற ஸ்ரெரொயிட் ஊசி. நான்கு, ஆறு வாரங்களுக்கு ஒருமுறை நேரே தழும்புக்குள் ஏற்றுவார்கள். இறுகிய நாருக்குள் மருந்து இலகுவில் இறங்காது. வைத்தியரின் கை நடுங்கும் அளவுக்கு அழுத்தவேண்டும். அந்த அரை நிமிடத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை. ஆனால் ஐந்தாவது ஊசிக்குப் பிறகு கடி நின்றது. பல வருடங்களுக்குப் பிறகு விடியும்வரை நித்திரைகொண்ட அந்த இரவை நான் மறக்கமாட்டேன்.

ஊசியோடு சிலிக்கோன் ஒட்டுத்தகடும் தந்தார்கள். தீக்காயச் சிறுவர்களைப் பார்த்த அடிலெய்ட் வைத்தியர்கள் 1983இல் எழுதிய கட்டுரையிலிருந்து அது உலகெங்கும் பரவியது. எப்படி வேலை செய்கிறது என்பதில் இன்னும் வாதம் உண்டு, தழும்பை ஈரமாக வைத்திருப்பதே காரணம் என்பது பலருடைய கருத்து. டெக்சஸ் கல்வெஸ்டனில் 1970களில் தீக்காயக்காரருக்கு இறுக்கமான அழுத்த உடைகளைப் போட்டுப் பார்த்தார்கள். இப்போது வெட்டுவதென்றால் வெட்டிய ஒன்றிரண்டு நாளுக்குள் கதிர்வீச்சும் கொடுக்கிறார்கள். 1906இல் தொடங்கிய அதே வழி, அளவு மட்டும் கட்டுப்பாட்டுக்குள்.

எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் டோக்கியோவில் இருந்து வந்தது. நிப்பொன் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ரெய் ஓகாவாவும் அவருடைய குழுவினரும் கீலோயிட்டை இழுவிசையின் நோயாகப் பார்த்தார்கள். பாலம் கட்டும் பொறியியலாளர்கள் பயன்படுத்தும் கணினிக் கணிப்பு முறையைத் தோலுக்குப் பயன்படுத்தினார்கள். தழும்பின் ஓரங்களில்தான் இழுவிசை அதிகம், நடுவில் குறைவு. அதனால்தான் ஓரம் சிவந்து வளர, நடு தணிந்துபோகிறது. நெஞ்சில் மார்புத் தசைகள் இருபுறமும் பக்கவாட்டில் இழுப்பதால் அங்கே கொடுக்கு வடிவம் வருகிறது. தோளில் வண்ணத்துப்பூச்சி வடிவம். அசைவே இல்லாத உச்சந்தலையில், முழங்காலுக்குக் கீழ் முன்பக்கத்தில் கீலோயிட் அரிது. அலிபேர் கண்ணால் கண்ட நண்டுக்கு இருநூறு வருடம் கழித்து கணினி காரணம் சொன்னது. கை தூக்கும்போதெல்லாம், மூச்சு விடும்போதெல்லாம் நானே அதை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதையெல்லாம் இப்போது உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் மகள். அவளுக்குப் பதினொரு வயது. வகுப்பில் எல்லோரும் காது குத்தியிருக்கிறார்கள், தனக்கும் வேண்டும் என்கிறாள். ஊரில் என்றால் ஒரு வயதுக்குள் ஆசாரி வந்து குத்தி முடித்திருப்பார். நானும் மனைவியும் கொஞ்சம் படித்தவர்கள் அல்லவா, அவளுடைய உடம்பு, அவளே வளர்ந்து முடிவு செய்யட்டும் என்று விட்டோம். அம்மாவுக்கு அது பெரிய மனக்குறை. காது குத்தும் வயதையும் கீலோயிட்டையும் பற்றி அமெரிக்காவில் 2005இல் வெளியான சிறு ஆய்வு ஒன்று, பதினொரு வயதிலும் அதற்குப் பிறகும் குத்தியவர்களில் ஐந்தில் நான்கு பேருக்குக் கீலோயிட் வந்ததாகவும், அதற்கு முன்னர் குத்தியவர்களில் நான்கில் ஒருவருக்கும் குறைவாகவே வந்ததாகவும் சொல்கிறது. கீலோயிட் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் குத்துவதென்றால் நேரகாலத்தோடு குத்துங்கள், இல்லாவிட்டால் குத்தாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். முப்பத்துச் சொச்சம் பேரை மட்டும் பார்த்த ஆய்வு, அதை வேதமாக எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் அம்மாவின் ஆசாரி சரியான நேரத்தில் வந்திருப்பார் என்பது உறுத்துகிறது.

போன மாதம் ஸ்காபுறோவில் ஒரு சாமத்திய வீடு. போகும் வழியில் மகளுக்குக் கவ்வும் தோடு ஒரு சோடி வாங்கிக் கொடுத்தோம். காரில் அவளுக்கு நெஞ்சுத் தழும்பின் கதை முழுவதையும் சொன்னேன். நண்டுக் கறி, சோதனைச்சாவடி, நியூயோர்க்குக்குப் போன பெண்கள். தன் காதிலும் இப்படி வரும் என்பது நிச்சயமா என்று கேட்டாள். நிச்சயமில்லை என்றேன். வராது என்பது நிச்சயமா என்று கேட்டாள். அதற்கும் அதே பதில்தான் இருந்தது. மண்டபத்தில் இரண்டு மணித்தியாலத்தில் காது நோகிறதென்று தோட்டைக் கழற்றி என் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டாள். ஒக்ரோபரில் தோல் வைத்தியரிடம் நேரம் எடுத்திருக்கிறோம். கேட்கவேண்டிய கேள்விகளை அவளே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். இதுவரை ஒன்பது.